எதிர்க்கட்சி மேடம்

தத்துவத் துறையில் அவளுக்கு மாணவர்கள் வைத்த பெயர் எதிர்க்கட்சி மேடம். யாரை மறுப்பதாக இருந்தாலும் முதலில் அந்த ஆள் பக்கமே நின்று, அவனே எழுந்து வந்தாலும் இவ்வளவு நன்றாகப் பேசமாட்டான் என்கிற மாதிரி வாதாடுவாள். அப்புறம்தான் ‘ஆனால்’ வரும். வந்தால் எதிராளி தவிடுபொடி. அந்த ‘ஆனால்’தான் தத்துவ வரலாறு பற்றித் தடித்தடியாய்ப் புத்தகங்கள் எழுத வைத்தது, துறைத்தலைவர் நாற்காலியில் உட்கார வைத்தது. கல்யாணம் நடந்ததும் அதனால்தான். கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்து அதைக் கேட்டே சொக்கிப்போன மனுஷன் கல்லூரி நூலகர்.

அந்த வருஷம் வேலைநிறுத்தத்தில் போலீஸ் சுட்டு இரண்டு மாணவர்கள் செத்தார்கள். போராட்டத் தலைவர்களின் பெயர்களைப் போலீஸிடம் காட்டிக்கொடுத்தது நூலகர்தான் என்று எவனோ ஒரு பாவி கிளப்பிவிட்டான். சுத்தப் பொய். யார் கேட்பது? மாணவர்கள் மனுஷனை நூலகத்திலேயே போட்டுப் பூட்டி, உடைத்த பெஞ்சுக் கால்களோடு வாசலில் நின்றார்கள்.

அவள் ஓடிவந்து போராட்ட மேடையில் இருந்த மைக்கைப் பிடுங்கினாள். ஒலிபெருக்கி நூலக ஜன்னலுக்கு நேர் எதிரே. மேடம் பேசுகிறார் என்றதும் கூட்டம் கப்சிப். அவரை விட்டுவிடுங்கள் என்று ஒரு வரி சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? பாழாய்ப்போன பழக்கம் விடுமா?

“உங்க கோபம் நியாயமானது. கூடவே இருந்து காட்டிக்கொடுக்கிறவன் சுட்டவனைவிட மோசம். சுட்டவனுக்காவது உத்தரவு இருந்துச்சு. இவனுக்கு என்ன இருந்துச்சு?”

“மேடமே சொல்லிட்டாங்கடா!” என்று ஒருவன் அலறினான். அவ்வளவுதான், கதவு பிளந்தது. “ஆனா... ஆனா...” என்று தொண்டை கிழியக் கத்தினாள். அது அவள் காதிலேயே விழவில்லை. அவள் முட்டி மோதி உள்ளே போனபோது புத்தக அலமாரிகள் சரிந்து கிடந்தன. அவர் முகம் அடையாளம் தெரியவில்லை. சட்டையை வைத்துத்தான் கண்டுபிடித்தாள்.

ஜெயிலிலிருந்து வந்த ஒருத்தன் பிற்பாடு அவள் வீட்டு வாசலில் நின்றான். “முதல் அடி நான்தான் மேடம். மண்டையில.”

சட்டையைப் பிடித்து இழுத்து, கை ஓயும்வரை அறைந்தாள். உதடு கிழிந்தும் அவன் நகரவில்லை.

“நான் பேசினது அவருக்குக் கேட்டுச்சாடா?”

“கேட்டுச்சு மேடம். அவரு கெஞ்சவே இல்ல. ரத்தம் ஊத்த ஊத்த கையைத் தூக்கி, ‘இருங்கடா, அவ இன்னும் பேசி முடிக்கலடா’ன்னுதான் சொல்லிட்டே இருந்தாரு.”