அவள் சொல்லித் தெரிந்த கோபம்

பழவங்காடியில் தேங்காய்க் கடை, வித்துராவில் குடோன், மாடி வீடு, மகளுக்கு எம்.காம். படிப்பு. ஐந்தாம் வகுப்போடு திருநெல்வேலியில் மலையாள நாட்டுக்குப் பஸ் ஏறிய நான் செய்தது இத்தனையும். கைதூக்கிவிட ஓர் ஆள் கிடையாது.

ஒன்று மட்டும் கைவரவில்லை. என் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கடையிலிருந்து வீட்டுக்குப் போனதும் மனைவிதான் முகத்தைப் பார்த்துச் சொல்வாள்: "இன்னைக்கு உங்களுக்குக் கோபம். போய் ஒரு தேங்காய உடைச்சிட்டு வாங்க." கணபதி கோயிலில் ஓங்கி எறிவேன். சிதறியதும் மூச்சு சீராகும். கோபமோ பயமோ, மகள் பாஸான சந்தோஷமோ, எல்லாவற்றுக்கும் எனக்கு ஒரே தேங்காய்தான்.

போன மாசியில் அவள் இறந்தாள். தீட்டு என்பதால் பதினாறு நாள் கோயிலுக்குப் போகவில்லை. அழுகையும் வரவில்லை. நெஞ்சை ஏதோ அடைத்தது. வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்தேன். பதினேழாம் நாள் கடையைத் திறந்தேன், கோயிலில் பதினொரு தேங்காய் உடைத்தேன். அடைப்பு அப்படியே இருந்தது.

"அம்மா செத்ததுகூட உங்களுக்கு ஒண்ணுமில்ல, அல்லே?" என்றாள் மகள். அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இதயத்தில் கோளாறு இல்லை என்று சொல்லி மனநல டாக்டரிடம் அனுப்பினார்கள். மகள் பேசாமலே கூட வந்தாள். மனசில் என்ன தோன்றுகிறது என்று டாக்டர் மலையாளத்தில் கேட்டார்: "அச்சா, மனசில் எந்தா தோணுந்நது?"

"கேஸ் டிரபிள்," என்றேன்.

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் சிரிக்கவில்லை. "தேஷ்யமோ, பேடியோ, சங்கடமோ?" என்றார். கோபமா, பயமா, துக்கமா என்கிறார். பழக்கத்தில் மகளைப் பார்த்தேன். "நீ சொல்லும்மா, எனக்கு என்ன?"

"அம்மா சொல்லிச் சொல்லியே உங்களக் கெடுத்துட்டா. நான் சொல்ல மாட்டேன். நீங்களே பாருங்க."

பார்த்தேன். மரத்துப்போன காலைத் தொடுவது போல இருந்தது. கோபம் என்று அவள் சொன்ன நாட்களில் என் கை பரபரக்கும். இப்போது சும்மா கிடந்தது. பயம் என்ற நாட்களில் வயிறு கலங்கும். அதுவும் இல்லை.

"சங்கடம். அவ இல்லாத சங்கடம்," என்றேன். சொன்ன பிறகும் அடைப்பு விடவில்லை. மகள் என் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "வீட்டுக்குப் போலாம்ப்பா."

இப்போது சொந்தக்காரர்களிடம், டாக்டர்தான் அப்பாவைப் பேச வைத்தார் என்கிறாள். டாக்டர் மூன்று சொல் கொடுத்தார், சரி. அதில் என்னுடையது எது என்று கண்டுபிடித்தது நான். யாரும் சொல்லித்தரவில்லை. அந்தப் பெருமையை என் பேரில்தான் சொல்ல வேண்டும்.