நாலாவது படி வரைக்கும்

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். யாராவது பேய்க்கதை ஆரம்பித்தால் நடுவில் புகுந்து கேள்வி கேட்டுக் கெடுக்கிற ஆள் நான். பிழைப்பு அப்படி. மழை இவ்வளவு பெய்தால் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துச் சொல்வது என் வேலை. அளக்க முடியாததை நம்பாதே என்று கூட வேலை செய்பவர்களைத் திட்டித் திட்டியே இருபது வருஷம் ஓடிவிட்டது.

போன மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் திருச்சிக்கே அந்த வேலை வந்தது. கோரையாறு பெருகினால் எந்தெந்தத் தெருவை முதலில் காலி செய்யச் சொல்வது என்று பட்டியல் தரவேண்டும். எடமலைப்பட்டி புதூரில் நான் வளர்ந்த தெருவும் அதில் வந்தது. கம்ப்யூட்டர் அங்கே கணுக்கால் அளவுதான் காட்டியது. கணுக்கால் என்றால் பட்டியலில் இடம் கிடையாது. எனக்கு உறுத்தியது, ஏனென்றால் என் ஐந்து வயதில் அந்தத் தெருவுக்குள் வெள்ளம் வந்திருக்கிறது, அப்பா பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஷிஃப்டில் மாட்டிக்கொண்டார், அம்மா என்னை வெளி மாடிப்படியில் உட்கார வைத்தாள், நான் மிதந்து போகிற செருப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நம்புவீர்களோ மாட்டீர்களோ, என் சின்ன வயசிலேயே சந்தோஷமான நாள் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். ஆனால் எந்தப் படி என்பது மட்டும் ஞாபகமில்லை.

எங்களுக்கு அதுதான் தேவை. பழைய வெள்ளத்தைக் கம்ப்யூட்டரில் திரும்ப ஓடவிட்டு, அன்று நின்ற உயரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்போம். அந்த உயரத்தை வீடு வீடாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஆண்களைக் கேட்டால் எல்லோருக்கும் கழுத்தளவு. பெண்களிடம் தண்ணீரைப் பற்றியே கேட்க மாட்டேன், அரிசி டின்னை எங்கே தூக்கி வைத்தீர்கள் என்று கேட்பேன், ஒரு விரல்கூடப் பிசகாது.

அம்மாவைக் கேட்டேன். ஸ்ரீரங்கத்தில் எங்களோடுதான் இருக்கிறாள், எழுபது வயது, ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. மூன்று நாள் கேட்டேன், மூன்று நாளும் "எந்த வீடுப்பா?" என்றாள். மூன்றாம் நாள் பாத்ரூமில் போய் அழுதேன், சொல்வதற்கென்ன வெட்கம்.

திங்கட்கிழமை பட்டியல் தரவேண்டும். சனிக்கிழமை மத்தியானம் தூறலில் குடையோடு பழைய தெருவுக்குப் போனேன். நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு அப்படியே இருந்தது. ஜன்னல் ஒருக்களித்திருந்தது, உள்ளே தாளிக்கிற வாசனை. வெளியே நின்றபடியே, பெரிய வெள்ளத்தில் அரிசி டின்னை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"அஞ்சாவது படியில வச்சேன். பக்கத்துலயே புள்ளைய உக்கார வச்சேன். தண்ணி நாலாவது படியோட நின்னுடுச்சு."

சின்ன வயசுப் பெண்ணின் குரல். நாற்பது வருஷத்துக்கு முந்தைய வெள்ளத்தை இவள் எப்படிப் பார்த்திருப்பாள் என்று கேட்டிருக்க வேண்டுமா இல்லையா? எல்லாரையும் குடைகிற நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலாவது படியை அளந்தேன், போட்டோ எடுத்தேன், பஸ் ஏறினேன். குடையைப் படியிலேயே விட்டது பாதி வழியில்தான் தெரிந்தது.

ஆபீஸில் ஓட்டிப் பார்த்தேன், பொருந்தவில்லை. அப்புறம்தான் தப்பு உறைத்தது. ரயில் பாதைக்கு அடியில் இருக்கிற சின்னப் பாலத்தை, வரைபடத்தில் இருக்கிறதே என்று முழுசாகத் திறந்து வைத்திருந்தேன். வெள்ளத்தில் ஆகாயத்தாமரை வந்து அதை அடைத்துக்கொள்ளும், அந்தத் தெருவில் வளர்ந்தவன் நானே அதை மறந்திருக்கிறேன். அடைத்து ஓட்டினேன், தண்ணீர் ஏறியது, அப்போதும் இரண்டு படி குறைந்தது. போட்டோவில் படிகளை எண்ணினேன். ஏழு. நான் குதித்து விளையாடியபோது ஒன்பது. ரோட்டின் மேல் ரோடு போட்டுக் கீழ்ப்படி இரண்டும் மண்ணுக்குள் போய்விட்டன. அப்படியானால் அவள் சொன்ன நாலாவது, இன்றைக்கு இரண்டாவது. அதை வைத்துப் பார்த்தால் கச்சிதமாகப் பொருந்தியது. தெரு பட்டியலில் ஏறியது.

அந்த ஐப்பசியிலேயே வெள்ளம் வந்தது. முந்தின நாளே தெருவைக் காலி செய்திருந்தார்கள். தண்ணீர் வடிந்ததும் அளக்கப் போனேன். அதே இரண்டாவது படியில் சேற்றுக்கோடு. எதிர் வீட்டு அக்கா, படுத்த படுக்கையாக இருந்த தன் மாமியாரை நேரத்தோடு கொண்டுபோக முடிந்தது என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நன்றியெல்லாம் இந்த வீட்டுப் பெண்ணுக்குத்தான் சொல்ல வேண்டும் என்றேன்.

"இந்த வீடாங்க? எட்டு மாசமா பூட்டித்தானே கெடக்கு."

படிகளை இன்னொரு தரம் எண்ணினேன். இன்றைக்கு அங்கே இருக்கிறவர்கள் யாரானாலும் ஏழு படிதான் எண்ணுவார்கள். மண்ணுக்குள் போன இரண்டையும் சேர்த்து எண்ண, அன்று அங்கே இருந்தவளால்தான் முடியும்.

ஒன்றை விட்டுவிட்டேன், என் மனைவி சுமதியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது, அம்மாவின் ஜன்னல் கம்பியில் என் குடை தொங்கிக்கொண்டிருந்தது, தண்ணீர் சொட்டச் சொட்ட. மத்தியானத்திலிருந்து அத்தை தூங்கிக்கொண்டுதான் இருந்தார், வீட்டுக்கு யாரும் வரவில்லை என்று சுமதி அடித்துச் சொன்னாள். அம்மா கண்ணைத் திறந்தாள்.

"படியிலயே விட்டுட்டு வந்துட்டியேப்பா, நனைஞ்சிருப்பியே."

கட்டிலில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எந்தப் படிம்மா என்று கேட்டேன்.

"எந்த வீடுப்பா?" என்றாள்.

குடை இன்னும் அந்தக் கம்பியில்தான் தொங்குகிறது. மழைக்கு நான் வேறு வாங்கிக்கொண்டேன்.