பகலில் குளிர்ந்த பேஸ்மென்ட்

வோபர்னில் உள்ள எங்கள் வீட்டில் சுவரடியோடு ஓடும் குழாய்களில் வெந்நீர் சுற்றித்தான் அறைகள் சூடாகும். போன மாரிக் குளிரில் அதற்கு, போனிலிருந்தே சூட்டைக் கூட்டிக் குறைக்கும் ஒரு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் பூட்டினேன். காலையில் எல்லோரும் வேலைக்குப் போனதும் சூடு பதினைந்து பாகைக்கு இறங்கும். மாலை ஐந்து மணிக்கு மறுபடி ஏறும். காஸ் மிச்சம் என்று கண்டவர்களிடமெல்லாம் போனைக் காட்டித் துள்ளினேன்.

ஒருநாள் மறந்துபோன லாப்டாப்பை எடுக்க மத்தியானம் வீட்டுக்கு ஓடி வந்தேன். கீழே இருமல் கேட்டது. பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கும் சிவா அண்ணை, ஜாக்கெட்டும் தொப்பியும் போட்டபடி போர்வைக்குள் கிடந்தார். அவருக்கு இரவு வேலை, பகலில்தான் தூக்கம். அது எனக்குத் தெரியும். ஆனாலும் யோசிக்கவில்லை.

“ஏன் அண்ணை சொல்லேல்ல?”

“நீர் போனோட துள்ளேக்க எப்பிடியப்பா சொல்லுறது? நான் வேலைக்கு வெளிக்கிடேக்கதான் குழாய் சுடத் தொடங்குது. வேற அறை பாத்திட்டன், தம்பி.”

“ஐயோ, நில்லுங்கோ!” உடனே சூட்டை இருபத்தொன்றுக்கு ஏற்றிவிட்டு, குழாயை நொடிக்கொரு தரம் தொட்டுப் பார்த்தேன்.

“பூனை மாதிரி அதைச் சுத்தாதேயும். ஆறுதலா, மெல்ல மெல்லத்தான் சுடும்.”

அலுவலகத்துக்குத் திரும்ப மனமில்லை. குழாயில் கையை வைத்தபடி நிலத்தில் இருந்தேன். முக்கால் மணி நேரம் அது சில்லென்றுதான் இருந்தது.

அடுத்த மாதம் அவர் சொன்னபடியே போய்விட்டார். வீட்டுக்கு எத்தனை பாகை வேண்டும் என்று அவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் பார்த்த நான், வீட்டில் எத்தனை பேர் இருக்கிறோம் என்று எண்ணவில்லை.