"செரிங்க" செல்லாத அறை

மின்விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, மைக்கை விருந்தாளியின் வாய்க்கு ஒரு சாண் தள்ளி வைத்த பிறகும் ரிஃபானா பதிவைத் தொடங்குவதில்லை. "இப்ப நாம என்ன பண்ணப் போறோம்னு நீங்க சொல்லுங்கக்கா, கேக்கறேன்" என்பாள். வந்தவர் "செரிங்க" என்பார். அவள் விடமாட்டாள். "செரிங்க வேண்டாங்க. உங்க வார்த்தையில சொல்லுங்க."

கோவை கோட்டைமேட்டில், அண்ணன் அர்ஷத்தின் செருப்புக்கடைக்கு மேலே இருக்கிறது அந்த அறை. எதிரொலி கேட்காமலிருக்கச் சுவரெல்லாம் சென்னிமலைப் போர்வைகள். கதவில் தொழுகை நேரங்கள் ஒட்டியிருக்கும். பாங்கு ஒலிக்கும் நேரத்தில் பதிவு கிடையாது. வேலைக்குப் போகும் பெண்கள் தங்கள் வேலையைப் பற்றிப் பேசும் பாட்காஸ்ட் ஒன்றை மூன்று வருடமாக நடத்துகிறாள். ஆனால் பாட்காஸ்ட் என்ற சொல்லை விருந்தாளிகளிடம் சொல்வதில்லை. வலையொலி என்றும் சொல்லிப் பார்த்தாள். இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் தலையாட்டினார்கள். இப்போது, "செல்போன்ல யாரு வேணாலும், எப்ப வேணாலும் போட்டுக் கேக்கற பேச்சு" என்கிறாள். நீளம்தான். எபிசோட், ரிலீஸ், பப்ளிஷ் எல்லாம் அவளுக்கும் கூட்டாளி அக்ஷிதாவுக்கும் இடையில் மட்டும்.

அக்ஷிதாவுக்கு இது பொறுக்காது. "ஏன்டி, பாட்காஸ்ட் நடத்தறயா, பத்திர ஆபீஸ் நடத்தறயா?"

"பத்திர ஆபீசுல படிச்சுக் காட்டாமயே கையெழுத்து வாங்குவாங்க. நான் அதுக்குப் பரவால்ல."

குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் ரிஃபானா. வகுப்பில் புரியாத சொல் வந்தபோதெல்லாம் "யெஸ் மேம்" என்று சொல்லியே இரண்டு வருடத்தை ஓட்டியவள். புரிந்தவர் சொல்லும் சரியும், எதிரில் இருப்பவரைச் சங்கடப்படுத்த வேண்டாமே என்று சொல்லும் சரியும் அவள் காதில் ஒன்றாக விழுவதில்லை. ஆனாலும் ஒருமுறை தவறவிட்டாள். நான்காவது எபிசோடில், தையல் கம்பெனியில் வேலை பார்த்த ராசாத்தாள் தன் சூப்பர்வைசரைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கப் பேசினார். "லைவ் பண்ணிரலாங்களா?" என்றாள் ரிஃபானா. "செரிங்க கண்ணு." அடுத்த வாரம், வேலைக்கு ஏற்றிப்போகும் கம்பெனி வேன் ராசாத்தாளின் வீதிக்கு வரவில்லை. எபிசோடை எடுத்துவிட்டாள், அதற்குள் அது வாட்ஸப்பில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்கப் போன் செய்தபோது ராசாத்தாள் சொன்னது, "பரவால்லீங்க கண்ணு, உனக்கென்ன தெரியும்." அது என்ன மாதிரிப் பரவாயில்லை என்று ரிஃபானாவுக்கு இன்றுவரை தெரியவில்லை.

போன புதன்கிழமை மதுக்கரைப் பக்கத்திலிருந்து பழனாத்தாள் வந்திருந்தார். கல்யாண மண்டபங்களுக்குச் சமையல் ஆட்களோடு போகிறவர். ஐந்து வாரமாகப் புதிதாக எதுவும் வெளிவரவில்லை. கேட்பவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள் என்று அக்ஷிதா தினமும் புள்ளிவிவரம் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

ரசத்துக்கு எப்போது தாளிப்பது என்பதில் தொடங்கிய பேச்சு, எப்படியோ மகளிடம் போய்விட்டது. மகள் தானே ஒருவரைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டு சத்தியமங்கலத்தில் இருக்கிறாள். அவள் பெயரை எடுக்கவே அப்பா விடுவதில்லை. "மாசாமாசம் கிருத்திகைக்குச் சென்னிமலை முருகன் கோயலுக்குப் போறேன்னு சொல்லிப்போட்டுத்தானுங்க சத்தி பஸ் ஏறுவேன். வாரப்ப அங்கயே ஒரு கோயல்ல துன்னூறு வாங்கிட்டு வந்துருவேன். எங்கூட்டுக்காரரு அதையப் பயபக்தியாப் பூசிக்கறாருங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. இப்படி ஒரு நாற்பது நிமிடத்தை அந்த அறையில் ரிஃபானா பதிவு செய்ததே இல்லை.

"இதையப் போட்டுரலாங்களாக்கா?"

"செரிங்க கண்ணு. பேரு மட்டும் போட வேண்டாம்."

மூலையில் உட்கார்ந்திருந்த அக்ஷிதா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். ரிஃபானா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"போட்டா என்ன ஆகுமுன்னு சொல்லுங்க."

"ரேடியோல வராப்பலதானுங்க. ஒருக்கா வரும், போயிரும்."

"போகாதுங்கக்கா. அங்கயே இருக்கும். உங்கூட்டுக்காரரு நாளைக்கும் கேக்கலாம், அடுத்த வருசம் தை நோம்பிக்கும் கேக்கலாம். நான் அழிச்சாலும், எடுத்து வெச்சவீங்க செல்லுல இருக்கும். பேரு இல்லீனாலும் கொரலு உங்களுது."

பழனாத்தாள் முன்னால் இருந்த தண்ணீர் டம்ளரைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

"அப்பறம் எம்பட புள்ளையப் போயிப் பாக்க முடியாதுங்களே."

"முடியாமப் போகலாமுங்க."

"நீங்க வேற இத்தன செரமப்பட்டு..."

"என்ர செரமத்த உடுங்க."

"அப்ப வேண்டாங்க கண்ணு." சொல்லிவிட்டு, ஏதோ திட்டிவிட்டவர்போல ரிஃபானாவின் முகத்தைப் பார்த்தார்.

"மண்டபத்துப் பேச்சு நாலு நிமிசங்கூடத் தேறாது" என்று முனகிக்கொண்டே அக்ஷிதா எழுந்து வெளியே போனாள்.

ரிஃபானா பதிவுக்கருவியை அருகில் இழுத்தாள். அழிக்கும் பொத்தான்மேல் விரலை வைத்தபோது பழனாத்தாள் கேட்டார், "இப்ப அழிச்சா நெசமாலுமே போயிருங்களா?"

"போயிருமுங்க. இன்னும் யாருக்கும் போகல, இந்த மிசின்ல மட்டுந்தான் இருக்குது."

"அதுக்கு முன்னால நான் ஒருக்கா கேட்டுக்கறனுங்க. புள்ளையப் பத்தி வாயத் தொறந்து பேசுனதே இன்னைக்குத்தான்."

கருவியில் இரண்டு ஹெட்போன்கள் செருகியிருந்தன. ஒன்று பேச வருபவருக்கு, மற்றது ரிஃபானாவுக்கு. முதலாவதை எடுத்து, தோட்டில் உரசாமல், பழனாத்தாளின் காதுகளில் பொருத்தினாள். பேச்சை முதலிலிருந்து ஓடவிட்டாள். பிறகு தன் ஹெட்போனின் ஒயரை உருவி மேசைமேல் வைத்தாள்.