தோளில் வைத்தால் சர்வேயர்

நில அளவை விதிப்படி, ஒருவருடைய நிலத்தை அளக்க வருகிறவர் உரிமையாளருக்கு முன்னதாகவே எழுத்து மூலம் அறிவிப்பு கொடுக்க வேண்டும். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். வீடு பூட்டியிருந்தால் கதவில் ஒட்ட வேண்டும். குருவிநத்தத்தில் யாருக்கும் அறிவிப்பு வரவில்லை, யாரும் கையெழுத்துப் போடவில்லை, எந்தக் கதவிலும் எதுவும் ஒட்டப்படவில்லை. ஆகவே நான் சர்வேயர் அல்ல என்பது சட்டப்படி தெளிவு. ஆனால் அந்த வரப்பில் நடந்தவர்களில் விதியைப் படித்தவன் நான் ஒருவன்தான்.

எனக்கு ஊர் பாகூர். முப்பத்து நான்கு வருடம் நிலம் சம்பந்தப்பட்ட அலுவலகம் ஒன்றில் கோப்பு பார்த்து, சூப்பரின்டெண்டாக ஓய்வு பெற்றேன். அப்பாவுக்குப் பொழுது போக வேண்டுமே என்று மகள் ஒரு கேமராவும் டிரைபாடும் வாங்கிக் கொடுத்தாள். கேமராவைப் பற்றிப் புகார் இல்லை. டிரைபாட் மூன்று கிலோ. குருவிநத்தத்தில் ஆற்றோரம் கறுப்பு வெள்ளை மீன்கொத்தி வருகிறது. அதைப் படம் பிடிக்க, ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வயல் வரப்பில் கால் மணி நேரம் நடக்க வேண்டும். என் வலது தோள் ஏற்கெனவே கோப்புக் கட்டுகளைத் தூக்கித் தேய்ந்த தோள்.

சுமக்கும் வழியை முறைப்படி ஆராய்ந்தேன். கையில் தொங்கவிட்டால் முழங்காலில் இடித்தது. கக்கத்தில் இடுக்கினால் வரப்பில் தள்ளாடினேன். முதுகுப்பையின் ஓரத்தில், தண்ணீர் பாட்டில் வைக்கும் இடத்தில் ஒரு காலைச் செருகி மேலே வாரால் கட்டிப் பார்த்தேன். எட்டு வைக்கும்போதெல்லாம் பின்மண்டையில் தட்டியது. மேலதிகாரி கூடவே வருவதுபோல் இருந்தது. கடைசியில் ஏசி மெக்கானிக் கடையில் கிடைக்கும் கறுப்பு ஃபோம் குழாயை நீளவாக்கில் கிழித்து, டிரைபாடின் மூன்று கால்களிலும் சுற்றி டேப் ஒட்டினேன். தலைப்பாகம் முதுகுப்பக்கம் போகும்படி தோளில் சாய்த்து, கால்களை முன்னால் கையால் பிடித்துக்கொண்டேன். எடையே தெரியவில்லை. இதைவிட வசதியான முறை இல்லை என்று இன்றும் சொல்வேன்.

சர்வேயரின் ஆளும் அப்படித்தான் ஸ்டாண்டைச் சுமந்து போவான் என்பது எனக்குத் தோன்றவில்லை. பணிக்காலம் முழுக்க சர்வேயர்களின் அறிக்கைகளைப் பார்த்தவன் நான். அவர்கள் எங்காவது நடந்துபோய் நான் பார்த்ததில்லை.

இரண்டாவது வாரம் வரப்போரம் புதிதாகத் தென்னங்கன்றுகள் முளைத்தன. நெல் விளையும் சேற்றில், இரண்டடிக்கு ஒன்றாக. சில வருடங்களுக்கு முன் நாலுவழிச் சாலைக்கு அக்கம்பக்கத்து ஊர்களில் நிலம் எடுத்தபோது இந்த வட்டாரம் ஒரு பாடம் படித்திருந்தது: நஷ்டஈட்டில் நெல்லுக்கு மதிப்பில்லை, மரத்துக்கும் கட்டடத்துக்கும் உண்டு. அந்தப் பாடத்தை எல்லோருக்கும் நினைவூட்டியது என் தோள் என்பதை டீக்கடையில்தான் தெரிந்துகொண்டேன்.

"இன்னா சார், பைபாஸ் ஆத்தோரமா, ஊருக்குள்ளயா?" என்றார் டீக்கடைக்காரர்.

"எந்த பைபாஸ்?"

"சொல்லக்கூடாதுன்னு ஆர்டரா? சரி, வுடுங்க."

"நான் ரிட்டயர்டு ஆகி ரெண்டு வருஷம் ஆகுதுப்பா."

"அதான் சார் கில்லாடித்தனம். சர்வீஸ்ல இருக்கிறவன அனுப்பினா ஜனம் உஷாராயிடும். அதனால ரிட்டயர்டு ஆள வுட்டு அளக்கிறாங்க."

மறுநாள் டிரைபாடை ஜிப் வைத்த நீளப் பையில் போட்டு எடுத்துப் போனேன். மறைத்துக்கொண்டு போகிறார் என்றார்கள். அடுத்த நாள் கோரைப்பாயில் சுருட்டிப் போனேன். அன்று சாயங்காலமே வயல் நடுவில் ஹாலோ பிளாக்கில் ஓர் அறை எழும்பத் தொடங்கியது. அதற்கு வாசற்படிக்கு வழி விடவில்லை. ஆள் குடியிருக்கக் கட்டும் அறை அல்ல, அதிகாரி எண்ணக் கட்டும் அறை.

இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, வரப்பின் கடைசியில் அந்த அம்மாள் என்னை நிறுத்தும் வரை. அவருக்கு அங்கே முக்கால் காணி, ஏறக்குறைய ஒரு ஏக்கர். கணவர் திருவாண்டார்கோயில் பக்கம் கம்பெனியில் ஷிப்ட்டுக்குப் போகிறார். நிலத்தைப் பார்ப்பது இவர்தான். வயலின் ஒரு மூலையில் நாற்றங்கால் பச்சைப்பசேலென்று நின்றது. மீதி முழுக்க உழுது, தண்ணீர் கட்டி, காலியாகக் கிடந்தது. கரையில் நாற்பது தென்னங்கன்று இறக்கி வைத்திருந்தார்.

"சார், ஒரே வார்த்த சொல்லுங்க. நாத்தா, தென்னம்புள்ளயா?"

"நாத்துதாம்மா. சந்தேகமே வேண்டாம்."

"அப்ப ரோடு வராதா?"

"எனக்குத் தெரியாது."

"பாத்தீங்களா, தெரியாதுன்றீங்க. நாத்துக்கு இருவத்திரெண்டு நாளாச்சு. இன்னும் பத்து நாள் வுட்டா கணு வுட்டுடும், அப்புறம் நட்டாலும் தூர் கட்டாது. வருஷத்துக்கும் எங்க வூட்டுச் சோறு இதுலதான் சார். நட்டப்புறம் வந்து கல்ல நட்டீங்கன்னா நான் இன்னா பண்றது?"

டிரைபாடை அங்கேயே விரித்து கேமராவைப் பொருத்தினேன். ஆற்றுக்கு மேல் மீன்கொத்தி ஒரே இடத்தில் சிறகடித்து நின்றது. பார்க்கச் சொன்னேன். நெடுநேரம் பார்த்தார்.

"மீன்கொத்தி."

"ஆமாம்."

"இத்தப் பாக்கறதுக்கா பாகூர்லேந்து வர்றீங்க?"

"ஆமாம்."

"பென்ஷன் வருதில்ல சார் உங்களுக்கு?"

"வருதும்மா."

"அப்புறம் இன்னாத்துக்கு?"

நான் கேமராவைக் கழற்றிப் பையில் வைத்தேன். ரோடு வராது என்று எழுதிக் கொடுங்கள் என்றார். ஓய்வு பெற்றவனுக்குச் சான்று வழங்க அதிகாரம் கிடையாது என்று விளக்கினேன். அதிகாரம் இல்லை என்று ஒருவர் சொன்னால் அவர் பெரிய அதிகாரி என்று அர்த்தமாம்.

அன்றே தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு எழுதினேன். இன்ன சர்வே எண்ணில் நிலம் எடுக்கக் கருத்துரு உண்டா, இல்லையா. இன்ன நாள்களில் அளவைக் கருவியுடன் ஒருவர் நடமாடியதாக ஊரார் சொல்லும் அந்த இடத்தில் அளவைப் பணி நடந்ததா, இல்லையா. 'ஏன்' என்று ஒரு இடத்திலும் கேட்கவில்லை. 'ஏன்' என்று கேட்டால் அது தகவல் ஆகாது என்று திருப்பி அனுப்புவார்கள். நானே பலருக்கு அனுப்பியிருக்கிறேன். பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு, நகலோடு வயலுக்குப் போனேன். முப்பது நாளில் பதில் வந்தாக வேண்டும் என்றேன்.

"முப்பது நாளா? நாத்துக்குத் தாடி மொளச்சிடும் சார்." கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு பண்ணுங்க. அந்த ஸ்டாண்ட எங்க வூட்ல வெச்சிட்டுப் போங்க. லெட்டர் வந்ததும் எடுத்துக்கோங்க. சர்வேக்காரன் எத்த வேணா வுடுவான், ஸ்டாண்ட வுடமாட்டான். நீங்க வுட்டா நான் நம்பறேன்."

பணிக்காலத்தில் நான் பார்த்த எந்தச் சான்றாவணமும் இவ்வளவு தர்க்கத்தோடு இருந்ததில்லை. 'கால்கள் மூன்று, ஃபோம் சுற்றியது, நல்ல நிலையில்' என்று ஒப்படைப்புச் சீட்டு இரண்டு பிரதி எழுதினேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை பன்னிரண்டு பெண்கள் இறங்கி, சாயங்காலத்துக்குள் முக்கால் காணியும் நட்டு முடித்தார்கள். தென்னங்கன்றுகளைப் பக்கத்து வயல்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார். டீக்கடையில் மட்டும் ஸ்டாண்டையே ஒப்படைத்துவிட்டார் என்றால் அளந்து முடித்துவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள்.

நான் கை வீசி நடந்தேன். தோள்வலி போயிற்று. டிரைபாட் அவர் வீட்டில் இருந்த மூன்று மாதத்தில் எடுத்த மீன்கொத்திப் படங்கள் எல்லாம் ஆடிப்போயிருக்கின்றன.

முப்பது நாள் முடிந்ததும் முறைப்படி முதல் மேல்முறையீடு செய்தேன். பயிர் தூர் கட்டி, மழையில் ஒரு தடவை சாய்ந்து, நிமிர்ந்து, பழுத்தது. மெஷின் வந்து அறுத்தது. நெல்லைத் தார்ரோட்டில் கொட்டிக் காயவைத்தார்கள். வண்டிகள் நெல்மேல் ஏறாமல் ஒதுங்கிப் போக, ரோட்டின் நடுவில் என் டிரைபாட் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு நின்றது. ஸ்கூட்டரில் வந்தவர்கள் எல்லோரும் வேகத்தைக் குறைத்து, இந்த ரோட்டையும் அகலப்படுத்துகிறார்களா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

பதில் வந்த கையோடு அங்கே போனேன். அவர் நெல்லைக் காலால் துழாவிக்கொண்டே, "படிங்க சார்" என்றார். மேற்படி சர்வே எண்ணில் நிலம் எடுக்கும் கருத்துரு ஏதும் இவ்வலுவலகத்தில் இல்லை. அளவைப் பணி ஏதும் நடைபெறவில்லை. எனினும், மனுவில் கண்ட நாள்களில் மேற்படி இடத்தில் அளவைக் கருவியுடன் நடமாடிய நபர் யார் என்பதை ஏழு நாள்களுக்குள் மனுதாரர் தெரிவிக்க வேண்டும்.

"ரோடு இல்லன்றாங்களா?"

"இல்லைங்கறாங்க."

"அதான் நட்டு அறுத்தாச்சே. ஸ்டாண்டு இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டும் சார், நெல்லு காயல."

சரி என்றேன். எந்தக் கடிதமானாலும் கிடைத்த தேதியை உறைமேல் குறித்து வைப்பது என் வழக்கம்; கெடு அன்றிலிருந்துதான் ஓடும். ரோட்டோரம் நின்றபடியே பேனாவை எடுத்து எழுதினேன்: ஜனவரி முப்பத்தொன்று, வெள்ளிக்கிழமை.