விட்டுட்டேன், பிடிச்சுக்கோங்க!

செருப்பை உதறிவிட்டுத்தான் ஜிகினாக்கா மேடையேறுவாள். குதிகால் உயர்ந்த அந்தத் தங்க நிறச் செருப்பைப் போட்டுக்கொண்டு மாடிப்படி முழுக்க ஒய்யாரமாக ஏறி வருவாள். மேடைக்குப் பக்கத்தில் வந்ததும் ஒன்றை இந்தப் பக்கம், ஒன்றை அந்தப் பக்கம் எத்திவிடுவாள். "மனுஷி போடற செருப்பா இது?" என்று ஒவ்வொரு முறையும் அலுத்துக்கொள்வாள். பிறகு எதற்கு வாங்கினாளாம்? கேட்டால், "ஏறி வர்றப்ப நாலு பேர் பாக்க வேணாமா?" என்பாள்.

கீழே மரச்சாமான் கடை, மேலே உணவகம், அதன் நடுவில் பலகை போட்டு உயர்த்திய சின்ன மேடை. வாரக் கடைசி மாலைகளில் அக்கா அங்கே பாடுகிறாள். உடம்பு முழுக்க ஜிகினா மின்னும். பாடிக்கொண்டே மேசைகளுக்கு நடுவில் நடந்தால் அது உதிர்ந்து சூப்பில் விழும். முகம் சுளிப்பவர்களிடம், "சும்மா சாப்பிடுங்க. நான் எத்தனையோ முழுங்கியிருக்கேன், என்ன ஆயிட்டேன்?" என்பாள்.

குரல் முன்போல் இல்லை. தொண்டையில் ஓர் அறுவை சிகிச்சைக்குப் பிறகு உச்சி ஸ்வரம் வருவதே இல்லை. சுருதியை இறக்கிக்கொள்ளலாம் என்று கீபோர்டு வாசிப்பவர் கெஞ்சாத நாளில்லை. "நான் இறங்கிட்டேன்னா பாட்டும் இறங்கணுமா? நல்லாருக்கே கதை!" என்று விடுவிடுவென்று ஏறிப் போவாள். கடைசிப் படியில் குரல் கம்மும். உடனே சிரித்துக்கொண்டு, "விட்டுட்டேன், பிடிச்சுக்கோங்க!" என்று மூலை மேசைப் பக்கம் மைக்கை நீட்டுவாள். அந்த மேசை மொத்தமும் எழுந்து நின்று தொண்டை கிழியப் பிடிக்கும்.

மூலை மேசையில் இருப்பவர்கள் எல்லோரும் ஆண்கள். ஆண்களைக் காதலிக்கும் ஆண்கள். சலூன்காரர், மருந்துக்கடைக்காரர், பள்ளிக்கூட வாத்தியார், பஸ் ஓட்டுநர் என்று எல்லாத் தொழிலும் உண்டு. அக்கா என்றால் அவர்களுக்கு உயிர். உதிர்ந்த ஜிகினாவைப் பொறுக்கிப் பர்சில் வைத்துக்கொள்கிறவர்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சலூன்காரர் அக்காவைப் போலவே நடந்து காட்டுவார். அக்கா கோபித்துக்கொள்வாளா? அதுதான் இல்லை. "இடுப்பை மட்டும் ஆட்டினா ஆச்சா? தோளு என்ன, வீட்டுலயே விட்டுட்டு வந்தியா?" என்று திருத்தம் சொல்லிவிட்டுப் போவாள்.

அப்படி என்ன இவளிடம்? டிரம்ஸ்காரரைக் கேட்டால் எல்லாம் அந்த ஜிகினா மயக்கம் என்பார். சலூன்காரர் சொல்வது வேறு. "இரண்டாவது வீட்டுக்காரர் விட்டுட்டுப் போன அன்னிக்கும் பாட வந்தாங்க சார். மைக்கைப் பிடிச்சு, 'எங்க வீட்டு வாசக்கதவு ரொம்ப நல்ல கதவு, இதோட ரெண்டு பேரை வெளிய அனுப்பிருச்சு'ன்னாங்க. எல்லாரும் சிரிச்சோம். அப்புறம் அவங்க அழுதாங்க, அப்புறம் பாடினாங்க. நாங்கல்லாம் கால் தடுக்கினாக்கூட யாருக்கும் தெரியாம நொண்டி நொண்டி நடந்து பழகினவங்க. விழுந்தேன்னு மைக்குல சொல்லிட்டு எந்திரிக்கிற ஒருத்தங்களைப் பாத்தா எப்படி இருக்கும், சொல்லுங்க?" சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிடும்.

அக்கா அவர்களுக்கு ஒரு சொல்லும் கொடுத்திருக்கிறாள். மருந்துக்கடைக்காரர் முதன்முதலாக ஓட்டுநரைக் கூட்டிக்கொண்டு வந்து, "இவர்..." என்று இழுத்தபோது அக்கா, "நீ எனக்குத் தம்பி. தம்பி கைபிடிச்சுக் கூட்டிட்டு வந்தவர் மாப்பிள்ளை. இதுல என்ன இழுக்க வேண்டியிருக்கு? வாங்க மாப்பிள்ளை!" என்றாள். அன்று முதல் அந்த மேசைக்கு யார் ஜோடியாக வந்தாலும் மாப்பிள்ளைதான். ஒருநாள் டிரம்ஸ்காரர் குறும்பாக, "எல்லாரும் மாப்பிள்ளைன்னா பொண்ணு வீடு யாரு?" என்று கேட்டார். "நான்தான்யா. மொத்த மேசைக்கும் நான் ஒருத்திதான் பொண்ணு வீடு. பலகாரம் கேட்டு யாராவது சண்டை போட்டாங்களா, உனக்கு ஏன் வலிக்குது?" என்று அவர் வாயை அடைத்துவிட்டாள்.

எல்லாம் சரி, அக்காவிடம் ஒரே ஒரு வம்பு. வாயில் எதுவும் தங்காது. மேலாளர் தலைக்குச் சாயம் பூசுவதை ஊருக்கே சொன்னவள் அவள்தான். சமையல்காரர் வேலையை விடப்போவதை அவர் முதலாளியிடம் சொல்வதற்கு முன்பே மைக்கில் வாழ்த்துச் சொல்லி வழியனுப்பி வைத்தவளும் அவள்தான்.

அதனால்தான் சென்ற வாரம் மருந்துக்கடைக்காரர் முகமெல்லாம் வியர்த்து ஓடிவந்தார். ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். அக்காவின் பாட்டைக் கேட்டே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். ஓட்டுநரை, வாடகையைப் பங்கு போட்டுக்கொள்ளும் சிநேகிதர் என்றுதான் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறார்.

"அக்கா, உங்க கால்ல விழறேன். இன்னிக்கு ஒருநாள் மாப்பிள்ளைன்னு மட்டும் கூப்பிட்டுடாதீங்க. அம்மா என்கிட்ட பேசறதை நிறுத்திட்டாங்கன்னா என்னால தாங்க முடியாதுக்கா."

"நான் எதுக்குடா சொல்லப்போறேன்? இந்த வாய் இன்னிக்குப் பாட மட்டும்தான்," என்றாள் அக்கா. அவளுக்கே அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. பாட்டுக்குப் பாட்டு வெந்நீரைக் குடித்துக் குடித்து வாயை அடைத்துக்கொண்டாள்.

பாதி நிகழ்ச்சிவரை வண்டி ஒழுங்காகத்தான் ஓடியது. அம்மா மூலை மேசையில் மகனுக்கும் ஓட்டுநருக்கும் நடுவில் உட்கார்ந்து, கண்கொட்டாமல் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். இடைவேளையில் அக்கா மேடைத் திரைக்குப் பின்னால் போய் ஃபிளாஸ்கைத் திறந்தாள். திரும்பினால் அம்மா நிற்கிறார்.

"உன்கிட்ட நேராவே கேட்டுடறேன்மா. போன் பண்ணா என் பையன் உன் பேச்சுதான் பேசறான். அக்கா இப்படிச் சிரிச்சாங்க, அக்கா அப்படிப் பாடினாங்கன்னு. கல்யாணத்தைப் பத்திக் கேட்டா மட்டும் வாயே திறக்க மாட்டேங்கறான். எனக்குப் புரியாதா? நீ அவனுக்கு மூத்தவதான். ஏற்கனவே ரெண்டு பேர் விட்டுட்டுப் போயிட்டாங்கன்னும் சொன்னான். பரவாயில்ல. அவன் தனியாக் கிடக்கான்னு நினைச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரல. நீ அவனைக் கட்டிக்கறியா?"

அக்காவின் கையில் மைக் இருந்தது. அது அணைக்கப்படவில்லை. அம்மா சொன்ன ஒவ்வொரு சொல்லும் கூடம் முழுக்க ஒலிபெருக்கியில் போய்க்கொண்டிருந்தது. திரையை விலக்கிக்கொண்டு கீபோர்டுக்காரர் கையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டினார். சுருதியை இறக்கச் சொல்கிறார் போலிருக்கிறது என்று நினைத்த அக்கா அவரை முறைத்தாள்.

"ஐயையோ! அவன் எனக்குத் தம்பிம்மா!" என்று அலறினாள். அலறல் கூடத்திலிருந்து திரும்பி வந்து அவள் காதில் விழுந்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

அம்மா விடவில்லை. "அப்போ இத்தனை வருஷமா அவனைப் பாத்துக்கறது யாரு? காய்ச்சல்ல கிடந்தப்ப கஞ்சி வெச்சுக் குடுத்தது யாரு? கேட்டா 'ஆள் இருக்கும்மா'ங்கறான். யாரு அந்த ஆளு?"

பதில் அக்காவின் நாக்கு நுனியில் நின்றது. 'மா' என்று உதடு கூடிவிட்டது. சட்டென்று இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியே வெறுங்காலோடு திரையைத் தாண்டி, மேடையை விட்டு இறங்கி, மூலை மேசைக்கு நடந்தாள். அம்மா பின்னாலேயே வந்தார். மருந்துக்கடைக்காரர் முன்னால் போய் நின்று அக்கா மைக்கை நீட்டினாள், உச்சி ஸ்வரத்துக்கு நீட்டுவது போலவே. வழக்கமாகச் சொல்கிற வார்த்தையைத்தான் சொல்ல முடியவில்லை. வாயில் கை.

அவர் எழுந்தார். மைக்கை வாங்கவில்லை, அதை நோக்கிக் குனிந்தார்.

"அம்மா... சிநேகிதர்னு உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். கஞ்சி வெச்சுக் குடுத்தது இவர்தான். எனக்கு எல்லாமே இவர்தான். அக்கா எனக்கு அக்கா. இவரு..." குரல் கம்மியது. "அக்கா இவரை மாப்பிள்ளைன்னு கூப்பிடுவாங்கம்மா."

ஓட்டுநரும் எழுந்து நின்றுவிட்டார். பெரிய பஸ்ஸை ஓட்டுகிற அந்தக் கைகள் மேசைவிரிப்பின் ஓரத்தைக் கசக்கிக்கொண்டிருந்தன. அம்மா அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். மகனைப் பார்த்தார். வாயைப் பொத்தியபடி நிற்கும் அக்காவைப் பார்த்தார். யார் யாருக்கு என்ன முறை என்று விரலை மடக்கிக் கணக்குப் போடுகிறவர் போல உதடு அசைந்தது.

"தம்பின்னு கூப்பிடறவளுக்கே மாப்பிள்ளைன்னா, பெத்தவளுக்கு வேற என்ன முறையாம்?" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மகனுக்கென்று எடுத்து வைத்திருந்த சாப்பாட்டுத் தட்டை ஓட்டுநர் பக்கம் நகர்த்தினார். "நின்னுட்டே இருக்கீங்களே. உக்காருங்க மாப்பிள்ளை, சாப்பாடு ஆறுது."

அப்போதுதான் ஜிகினாக்கா வாயிலிருந்து கையை எடுத்தாள்.