ஹோவிதா அத்தையின் கைகள்

கோகிம்போ துறைமுக மேட்டிலுள்ள பாலர் பள்ளியில் ஹோவிதாவைக் குழந்தைகள் மட்டுமல்ல, பெற்றோரும் ‘அத்தை’ என்றுதான் கூப்பிடுவார்கள். மீன் ஆலையில் டப்பா அடைத்துக்கொண்டே மாலை வகுப்பில் படித்து ஆசிரியையானவர் அவர். குழந்தைகளின் சண்டையைப் பற்றி ஆசிரியர்கள் என்ன நம்புகிறார்கள் என்று அளக்கும் என் ஆய்வுக் கேள்வித்தாளோடு அவரிடம் போனேன். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகப் படியை மிதித்த முதல் ஆள் நான். ஒரு நம்பிக்கை, ‘முழுக்க ஏற்கிறேன்’ முதல் ‘முழுக்க மறுக்கிறேன்’ வரையிலான ஐந்து கட்டங்களுக்குள் அடங்கும் என்பதில் எனக்கே சந்தேகம்தான்.

‘சின்னச் சண்டைகளைக் குழந்தைகளே தீர்த்துக்கொள்ள விட வேண்டும்.’ இந்த வரிக்கு ஹோவிதா ‘முழுக்க ஏற்கிறேன்’ என்று குறியிட்டார். அந்த நேரம் பார்த்து மணல் தொட்டியில் மைலேன் என்ற சிறுமியும் காஸ்பர் என்ற பையனும் மஞ்சள் வாளிக்கு மல்லுக்கட்டினார்கள். பேனாவைப் போட்டுவிட்டு ஓடினார். வாளியைப் பிடுங்கி அலமாரி மேல் வைத்தார்.

திரும்பி வந்ததும் தான் போட்ட குறியைக் கோடிட்டு அடித்தார்.

“பொய் எழுதிட்டேன் பொண்ணே. அடுத்த வாரம் வா.”

“மனசுல நினைக்கிறதத்தான அத்தை கேட்டிருக்கு?”

“மனசு சொல்றத என் கை கேக்கலையே! போன வருஷம் ஒரு பையன் பக்கத்துல இருந்த பொண்ணக் கடிச்சுட்டான். இன்னொரு புகார் வந்தா என்னை வகுப்புல இருந்து தூக்கிச் சமையல்கட்டுல போட்டுருவேன்னு தலைமையாசிரியை சொல்லியாச்சு. அன்னையிலேருந்து இந்த ஓட்டம்தான்.”

அப்போது தரை லேசாக ஆடியது. யாரும் எழுந்திருக்கவில்லை. அடிக்கடி நில நடுங்கும் ஊர்; எல்லோரும் வழக்கம்போல், எவ்வளவு ஆடுகிறதென்று தொங்கும் விளக்கைப் பார்த்தோம். கொஞ்சம் அசைந்து நின்றுவிட்டது.

“சப்பை நடுக்கம்!” என்றான் காஸ்பர்.

ஹோவிதா விளக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “பூமி ஆடுனாக்கூட விளக்கப் பாத்துட்டுத்தான் எந்திரிக்கிறோம். ஒரு வாளிக்கு ஏன் இப்படிப் பறக்குறேன்?”

அடுத்த வாரம் அவர் கைகள் இரண்டும் மேலங்கிப் பைக்குள் இருந்தன. சமையல்காரர் ஓர்லாந்தோ சிரித்தார்: “உருளைக்கிழங்கு உரிக்க ஆள் வேணும். சீக்கிரம் வந்துருவீங்க போலிருக்கே அத்தை!”

“உன் சூப்புக்கு உப்புப் போடவாவது ஒரு ஆள் வேணும்ல!”

மறுபடி அதே வாளி.

“நாந்தான் முதல்ல எடுத்தேன்!”

“நேத்தும் நீதான வச்சிருந்த, பன்னி!”

ஹோவிதா அருகே போய் மண்டியிட்டார். இழுபறியில் மைலேனின் நகம் காஸ்பரின் கன்னத்தில் கீறியது. ஹோவிதாவின் கைகள் பையை விட்டு வெளியே வரவில்லை. அவன் அழுதான். அவள் அந்தக் கீறலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “நீ மண்ண அள்ளு. நான் வாளியப் பிடிச்சுக்கிறேன்” என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவன் அள்ளத் தொடங்கினான்.

மாலையில் காஸ்பரின் அம்மா வருவதற்கு முன்பே ஹோவிதா வாசலில் நின்றார்.

“உங்க பையன் கன்னத்துல கீறல். நான் பக்கத்துலயேதான் இருந்தேன். அவங்களே தீத்துக்கிடட்டும்னு விட்டேன்.”

“வேடிக்கையா பாத்துக்கிட்டு இருந்தீங்க?”

“வேடிக்கை இல்ல, கவனிச்சுக்கிட்டு இருந்தேன். கடிக்கப் போனாத் தடுப்பேன். வாளிக்குத் தடுக்க மாட்டேன். நாளைக்கும் அப்படித்தான்.”

அந்த அம்மா விறுவிறுவென்று தலைமையாசிரியையின் அறைப்பக்கம் நடந்தார்.

ஹோவிதா என்னிடமிருந்து தாளை வாங்கி, அடித்திருந்த குறிக்குப் பக்கத்தில், அதே கட்டத்துக்குள் அழுத்திக் குறியிட்டார். போன வாரக் குறிக்கும் இதற்கும் என் அளவுகோலில் ஒரே மதிப்பெண்தான். அதை எந்த முகத்தோடு அவரிடம் சொல்வது?

“இப்ப எடுத்துட்டுப் போ” என்றவர், அந்த அம்மாவுக்குப் பின்னாலேயே தலைமையாசிரியையின் அறைக்குப் போனார். கைகள் பைக்கு வெளியே இருந்தன.